அழிக்காமல் கழற்றிய ஸ்டீரியோ

போன வருஷம் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. பெரம்பலூரில் ஒரு கார் டெக்கரேஷன் கடை. எங்கள் பழைய காரில் இருந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, ரிவர்ஸ் கேமராவோடு வருகிற பெரிய திரை செட் ஒன்றை மாட்டுவதற்காக அரியலூரிலிருந்து தனியாகவே காரை ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். தனியாக என்பதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன். ஐம்பத்தோரு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளோடு வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கியவள் நான். எனக்கு முன்னால் நின்ற ஒருவன், "டீச்சர், இதுல பெயிலானா இம்போசிஷன் கிடையாது, பயப்படாதீங்க" என்று என்னையே கிண்டல் செய்தான்.

ரிவர்ஸ் கேமரா என் மகளின் யோசனை. கோயம்புத்தூரில் இருக்கிறாள். தலைப் பிரசவத்துக்கு இங்கே வரவேண்டியவள். நான் காரைப் பின்னால் எடுக்கும்போது எங்கள் வீட்டுக் கேட்டை இரண்டு முறையும், எதிர் வீட்டுக் கேட்டை ஒரு முறையும் இடித்திருந்தேன். விஷயம் அவள் காதுக்கு எப்படியோ போய்விட்டது. "என்ன ஆஸ்பத்திரிக்கு நீதாம்மா கூட்டிட்டுப் போகணும். கேட்டயும் சேத்து இழுத்துட்டு வந்துடாத" என்றாள். பெற்ற மகளே இப்படிப் பேசிய பிறகு கேமரா வைக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் மகளுக்குத் தெரியாத ஒரு காரணமும் எனக்கு இருந்தது. அந்தப் பழைய ஸ்டீரியோவை என் கண்ணிலிருந்து அகற்ற வேண்டும். அதற்கு ஒரு சாக்கு கிடைத்ததே என்று உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் கிளம்பினேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை வரை இதை யாரிடமும் எழுதியோ பேசியோ சொன்னதில்லை.

என் கணவர் இறந்து அப்போது இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அந்தக் காரும் அதிலிருந்த ஸ்டீரியோவும்தான் பொழுதுபோக்கு. கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுவார். போனைக் கையில் எடுக்கவே மாட்டார். ஸ்டீரியோவில் இருக்கிற பட்டனை அழுத்தித்தான் எல்லோரையும் கூப்பிடுவார். எதிர்முனையில் பேசுகிறவரின் குடும்ப விஷயம் முழுவதும் காரின் நான்கு ஸ்பீக்கரிலும் தெருவுக்குக் கேட்கும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தினமும் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவது அவர்தான். அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக் கல் லாரிகள் எப்படிப் போகும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அவருடைய கடைசி நாளன்று நான் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறத்தில் புதுப் புடவை. கண்ணாடியை ஏற்றுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது நான் மாவு மில்லில் வேலை பார்த்துவிட்டு வருகிறவளைப் போல இருந்தேன். அவர் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! எந்த நாளும் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் இறங்கியதில்லை. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

எங்கள் கரும்புக்கு வெட்டு உத்தரவு எப்போது கிடைக்கும் என்று கேட்க அவர் அன்றைக்கு எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போவதாக இருந்தார். பதினொரு மணி வாக்கில் எனக்கு வகுப்பு இல்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, ஈரக் கைக்குட்டையால் புடவையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர்தான். மேஜைமேல் என் கண்ணெதிரே அது அடித்து ஓய்ந்தது. நான் எடுக்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தலைமையாசிரியர் அறைக்கு என்னை அழைத்தார்கள். பெரம்பலூர் தாண்டி அரியலூர் வரும் சாலையில், ஒரு வேப்பமரத்தடியில் காரை ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்தியிருக்கிறார். வழியில் போன யாரோ பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாரடைப்பு. அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கலவரத்தில் அவர் போன் எங்கே விழுந்ததோ, யார் கையில் போனதோ, திரும்பக் கிடைக்கவில்லை. நானும் தேடவில்லை. தேடப் பயம்.

நெஞ்சு வலி வந்துதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. நான் எடுத்திருந்தால் யாரையாவது அனுப்பியிருப்பேன். அவர் பிழைத்திருப்பார். கட்டிய புடவையில் படிந்த தூசிக்காக நான் அவரைச் சாகவிட்டேன். இரண்டரை வருஷமும் தூங்கும்போதும் விழிக்கும்போதும் இதுதான். எல்லோரும், "பாவம், டீச்சர் எவ்வளவு தைரியமா இருக்காங்க, காரெல்லாம் ஓட்டுறாங்க" என்பார்கள். அந்தக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் ஸ்டீரியோ நீல வெளிச்சம் போட்டுக்கொண்டு விழிக்கும். உடனே அணைத்துவிடுவேன். அதில் ஒரு பாட்டுக்கூட நான் கேட்டது கிடையாது. என் போனை அதோடு சேர்த்ததும் கிடையாது.

சரி, கடைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை என்பதால் சிறுவாச்சூர்க் கோயில் நடை திறந்திருக்கும். அங்கே போய் அம்மனைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் கசங்கி, பதினோரு மணிக்குக் கடைக்கு வந்தேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம். என் வயதுதான் இருக்கும். வேலையில் அவ்வளவு நிதானம். புது செட்டைப் பிரித்து, ஒயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காருக்குள் வந்து உட்கார்ந்தார். உடனே கழற்றுவார் என்று பார்த்தால், பழைய ஸ்டீரியோவைப் போட்டு அதன் பட்டன்களை அழுத்த ஆரம்பித்தார்.

"அது எதுக்கு பாய்? கழட்டித் தூக்கிப் போட்டுடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லம்மா. இதுக்குள்ள போன் நம்பரெல்லாம் இருக்கும். பழைய செட்ட நாங்க வேற வண்டிக்குக் கொடுத்துடுவோம். ஒரு தடவ அழிக்காம கொடுத்து, ஒரு குடும்பத்துல பெரிய வம்பாயிடுச்சு. அன்னையிலேர்ந்து ஓனர பக்கத்துல உக்கார வெச்சுக் காட்டிட்டு, அவங்க சொன்னாத்தான் அழிப்பேன். அதுக்கப்புறம்தான் பேட்டரிய கழட்டுறது."

"நான் பாக்க வேண்டாம். நீங்களே அழிச்சிடுங்க."

"ரெண்டு நிமிசம்மா. ஏறி உக்காருங்க."

என்னை யாரும் இப்படி வற்புறுத்தி நாளாகிவிட்டது. வேண்டா வெறுப்பாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பார்வையை வெளியே வைத்துக்கொண்டேன். அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போனார். "போன் புக்குல நூத்திச் சொச்சம் பேரு இருக்கு. கடைசியா கூப்பிட்ட லிஸ்ட்டும் அப்படியே இருக்கு. புது மாடல்னா போன் பக்கத்துல இருந்தாத்தான் காட்டும். இது பழசு, உள்ளயே வெச்சிருக்கு. நீங்க உங்க போன சேத்திருந்தா இது போயிருக்கும்." பிறகு, "டீச்சர்னு ஒண்ணு இருக்கு. அது நீங்களாம்மா?" என்றார்.

நான் தலையாட்டினேன். என்னை வீட்டிலும் என் கணவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"உங்களுக்கு அடிச்சிட்டு, ரெண்டு நிமிசம் கழிச்சு இன்னொருத்தருக்கு அடிச்சிருக்காங்க. அதுதான் கடைசி" என்றார் பாய்.

கடைசி அழைப்பு எனக்குத்தான் என்று இரண்டரை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிறகு இன்னொருவரா? நான் எடுக்காததால் உதவிக்கு வேறு யாரையோ கூப்பிட்டாரா? அவரும் எடுக்கவில்லையா? திரும்பித் திரையைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் வெங்காயம் என்று இருந்தது. கீழே டீச்சர். அவர் இறந்த அதே தேதி. பதினொன்று பன்னிரண்டு, பதினொன்று பத்து.

அந்த நேரத்திலும் எனக்கு எரிச்சல் வந்தது என்றால் நம்புவீர்களா? ஊரில் எந்தப் பொருள் வாங்கினாலும் விற்றவரின் நம்பரை அந்தப் பொருளின் பெயரிலேயே பதிந்து வைக்கிற மனிதர் அவர். தேங்காய், டயர், புண்ணாக்கு என்று அவர் போன் ஒரு மளிகைக் கடை மாதிரி இருக்கும்.

பாயிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். பெற்ற மகளிடம் சொல்லாததை, அரை மணி நேரத்துக்கு முன்னால் அறிமுகமான ஒருவரிடம், டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர், சாவுச் செய்தி கேட்டால் சொல்கிற "இன்னாலில்லாஹி"யை மெதுவாகச் சொல்லிவிட்டு, கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "இந்த நம்பருக்குப் பேசிப் பாருங்கம்மா" என்றார்.

"நீங்க பேசுங்களேன்."

"நான் பேசுனா அவருக்கு என்ன தெரியும்? நீங்கதான் பேசணும். நான் வெளிய நிக்கிறேன்." இறங்கிப் போய்க் கடைப் படியில் நின்றுகொண்டார்.

நம்பரைப் போட்டு, பாதியில் நிறுத்தி, மறுபடி போட்டேன். ஒருவேளை அந்த மனிதர், "ஆமாங்க, வலிக்குதுன்னுதான் சொன்னாரு" என்றால்? இதுவரை சந்தேகமாக இருந்தது நிச்சயமாகிவிடும். அதற்குப் பிறகு நான் எப்படி அரியலூர் வரை ஓட்டிக்கொண்டு போவேன்? பாய் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் வேண்டாம் என்று கையாட்டியிருப்பேன். அழுத்திவிட்டேன்.

எடுத்தவர் ஆலத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற ஒரு விவசாயி. நான் யார் என்று சொன்னேன். "அண்ணி… டீச்சரண்ணியா? நல்லா இருக்கீங்களா?" என்றார். சாவுக்கு வந்திருந்தாராம். பின்னால் நின்றுவிட்டுப் போய்விட்டாராம். அன்றைக்கு அவர் கடைசியாக உங்களிடம்தான் பேசியிருக்கிறார், என்ன பேசினார் என்று கேட்டேன்.

"நல்லா பேசுனாரு அண்ணி. சிரிச்சிக்கிட்டேதான் பேசுனாரு. எறையூருலேர்ந்து வந்துட்டிருக்கேன், பெரம்பலூருல டீ குடிச்சிட்டு நிக்கிறேன்னாரு. பத்து கிலோ வெங்காயம் எடுக்குறதா, பதினஞ்சு எடுக்குறதான்னு டீச்சர கேக்கலாம்னு அடிச்சேன், எடுக்கலப்பா, கோவத்துல இருக்காங்கன்னாரு. எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் அடிச்சேன்னு அதுக்கு வேற ஒரு சிரிப்பு."

அவரே தொடர்ந்தார்.

"சாயங்காலம் நாலரைக்குப் பள்ளிக்கூடத்துக் கேட்டுல போயி நின்னா எல்லாம் சரியாயிடும்னாரு. எப்படியும் பத்து போதும்னுதான் சொல்லுவாங்க, நீ பதினஞ்சா கட்டி வைய்யி, நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டு வெச்சாரு. கட்டி வெச்சிருந்தேன் அண்ணி. மறுநா உங்க வூட்டுக்கு வந்தப்ப, அந்த நேரத்துல வெங்காயத்தப் பத்தி எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லவே வரல."

என் கணவர் குரலில் வலி ஏதாவது தெரிந்ததா, களைப்பாகப் பேசினாரா என்று ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டேன். விடைத்தாள் திருத்துகிற புத்தி எங்கே போகும்? மூன்று முறையும் வெங்காயக்காரர், "இல்ல" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். கார் டெக்கரேஷன் கடை வாசலில், பட்டப்பகலில், போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதேன். பாய் எங்கிருந்தோ ஒரு சோடா வாங்கி வந்து கதவோரம் வைத்துவிட்டு மறுபடி படிக்கே போய்விட்டார்.

கணக்கு டீச்சர் என்பதால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த போன் எதையும் நிரூபிக்கவில்லை. பதினொன்று பன்னிரண்டுக்கு நன்றாக இருந்தவருக்குப் பதினொன்று இருபது வாக்கில் வலி வந்திருக்க வேண்டும். நான் எடுத்துப் பேசி, பத்து நிமிஷம் சண்டை போட்டிருந்தால் அவர் பெரம்பலூரிலேயே இருந்திருப்பார், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்திருக்கும் என்றெல்லாம் கணக்குப் போட இன்னமும் இடம் இருக்கிறது. போட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் மாறிவிட்டது. என்னை உதவிக்குக் கூப்பிட்டு, நான் கைவிட்டேன் என்ற வேதனையோடு அவர் போகவில்லை. என் கோபம் எந்த மணிக்கு ஆரம்பித்து எந்த மணிக்கு அடங்கும் என்பது தெரிந்து, அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததும் பாய் கேட்டார், "இப்ப என்னம்மா பண்ணட்டும்? அழிக்கவா?"

"அழிக்காதீங்க. கழட்டி எங்கிட்டக் கொடுத்துடுங்க."

"புதுச மாட்டாமயே விட்டுடவா? இதுவே இருக்கட்டும்னா இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பிரசவத்துக்கு வரப்போகிற பெண்ணும், இரண்டு வீட்டுக் கேட்டும் ஞாபகத்துக்கு வந்தன. புதுசையே மாட்டச் சொன்னேன். அவர் பானெட்டைத் திறந்து பேட்டரியின் ஒயரைக் கழற்றினார். நீல வெளிச்சம் அணைந்தது. டேஷ்போர்டில் கீறல் விழாமல் துணி சுற்றிய பட்டையால் சுற்றுச் சட்டத்தை நெம்பி எடுத்து, நான்கு ஸ்குரூவைக் கழற்றி, ஸ்டீரியோவை இரண்டு கையாலும் முன்னால் இழுத்தார். அதன் முதுகில் சுண்ணாம்புத் தூசி வெள்ளையாக அப்பியிருந்தது. என் கணவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிய அத்தனை வருஷத் தூசி. பாய் துடைக்கப் போனார். வேண்டாம் என்றேன். ஒயர்களைப் பிடுங்கிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. "கரன்ட் இல்லாம இதுல எதுவும் தெரியாதும்மா. பாக்கணும்னு தோணுச்சுன்னா கொண்டாங்க, இங்க பேட்டரியில போட்டுக் காட்டுறேன், இன்ஷா அல்லாஹ்" என்றார். இதுவரை நான் கொண்டு போகவில்லை. பீரோவில் இருக்கிறது. இருக்கிறது என்பதே போதுமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், போனை வேண்டுமென்றே எடுக்காததையும் சேர்த்து. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, "பதினஞ்சு கிலோவா? நம்ம ரெண்டு மூணு பேருக்கா?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

இப்போதெல்லாம் யார்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் போனை எடுத்துவிடுகிறேன். எடுத்தே சண்டை போடுகிறேன். மகள், "இதுக்கு நீ எடுக்காமலே இருந்திருக்கலாம்" என்கிறாள். அவள் குழந்தைக்கு இப்போது ஏழு மாதம்.

இரண்டரை வருஷம் அந்த அழைப்பை நினைத்துப் பயந்துகொண்டே இருந்தேன். பயம் போய்விட்டது. அதனால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்தால், அது அப்படி இல்லை. பயம் இருந்த இடத்தில் இப்போது ஆசை வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் சொன்னது சரிதான், எடுத்திருந்தால் பத்து போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். என்னிடம் சரி என்று சொல்லிவிட்டு அவர் பதினைந்துதான் வாங்கி வந்திருப்பார். காரின் நான்கு ஸ்பீக்கரிலும் ஊருக்கே கேட்கும்படி நடந்திருக்க வேண்டிய அந்த ஒரு நிமிஷச் சண்டைக்காக இன்றைக்கும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.